வண்டியின் பிழையை வாங்கியவன் தலையில் கட்டாதீர்கள்!



இது கொஞ்சம் நீளமான பதிவு. பைக் வைத்திருப்பவர்களும், பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகும் தாய்மாரும், மகனுக்கு லீசிங்கில் வண்டி எடுத்துக் கொடுத்த வாப்பாமாரும், தோட்டத்திலிருந்து டவுனுக்கு வேலைக்கு இறங்கும் தம்பிமாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், மஃரிப் முடிந்த நேரம். எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் மகளை வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு பண்டாரவளையிலிருந்து தெமோதரைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார். தூறல், பனிமூட்டம். ஒரு வளைவில் ஹேண்டிலைத் திருப்பியதுதான் தாமதம், ஹெட்லைட்டும் மீட்டர் லைட்டும் என்ஜினும் ஒரே நொடியில் செத்துப்போனது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போய்க் கானுக்குள் விழுந்தார். அவருக்குக் காறை எலும்பு உடைந்தது. மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும், அல்ஹம்துலில்லாஹ். அந்த வளைவின் மற்றப் பக்கம் கானும் இல்லை, கட்டும் இல்லை. பள்ளம்தான். எட்டு வயதுப் பிள்ளை.

அடுத்த நாள் நாங்கள் சிலர் சேர்ந்து வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோனோம். பாஸ் தாங்கியைக் கழற்றிவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஹேண்டில் திரும்பும் கழுத்து இருக்கிறதே, அந்த இடத்தில் வயர்க் கட்டு ஒரு இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் தேய்ந்து செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பினால் செம்பு இரும்பில் முட்டும். முட்டினால் ஃபியூஸ் போகும். அந்த வண்டியில் ஒரே ஃபியூஸில்தான் எல்லாம் ஓடுகிறது.

பிறகு அவர் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் எங்களைத் தூங்கவிடவில்லை. "சேர், இது மூணாவது வண்டி. இதுக்கு முந்தி ரெண்டு வந்திச்சு. இதே மாடல், இதே இடம்."

ஏஜென்டின் கடைக்குப் போனோம். அங்கே கிடைத்த பதில்கள் மூன்று. "நீங்க வேற ஹோன் பூட்டியிருக்கீங்க, வயரிங்ல கைவெச்சா எங்களுக்குப் பொறுப்பில்ல." "வாரண்டி முடிஞ்சிட்டு." "நீங்க மூணாவது ஓனர், எங்கட லிஸ்ட்ல உங்கட பேர் இல்ல." பதில் சொன்ன தம்பி மரியாதையாகத்தான் சொன்னார். தேநீரும் தந்தார். ஆனால் அந்த மூன்று வண்டியைப் பற்றி நாங்கள் சொன்னதை ஒரு துண்டுக் கடதாசியில்கூட அவர் எழுதிக்கொள்ளவில்லை.

எந்த மாடல், எந்தக் கடை என்று இங்கே எழுதப்போவதில்லை. மூன்று வண்டியை வைத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அது மூன்றா, முப்பதா, மூவாயிரமா என்று எண்ண வேண்டியவர் யார்? பாஸ் எண்ண மாட்டார். அவருக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது. ஏஜென்ட் எண்ண மாட்டார், எண்ணினால் செலவு. நாங்களும் எண்ணுவதில்லை. காசைக் கொடுத்து டேப் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். யாரும் எண்ணாத பிழை, பிழையே இல்லை என்று ஆகிவிடுகிறது. இந்தப் பதிவின் விஷயம் இதுதான்.

*ரீகோல் என்றால் என்ன?*

நம்மவர்களில் பலருக்கு 'ரீகோல்' என்றால் கம்பனி செய்யும் உபகாரம், அல்லது கம்பனிக்கு வந்த மானக்கேடு. இரண்டும் தப்பு. ஒரு மாடலில், ஒரு காலப்பகுதியில் செய்த வண்டிகளில் ஒரு சாமான் ஆபத்தான பிழையோடு வந்திருக்கிறது என்று தெரிந்தால், விற்ற எல்லா வண்டிகளையும் செசி நம்பரை வைத்துத் திரும்பக் கூப்பிட்டு, சோதித்து, தேவைப்பட்டால் இலவசமாக மாற்றிக் கொடுப்பதுதான் ரீகோல்.

வாரண்டி வேறு, ரீகோல் வேறு. வாரண்டிக்குக் காலம் உண்டு, கிலோமீற்றர் உண்டு, சேர்விஸ் புத்தகத்தில் சீல் இருக்க வேண்டும். ரீகோல் தொழிற்சாலையில் நடந்த பிழைக்கானது. வண்டி இரண்டாம் கையா மூன்றாம் கையா என்பதற்கும் அந்தப் பிழைக்கும் என்ன தொடர்பு? வண்டி கை மாறும்போது பிழையும் கூடவே மாறி வருகிறதே! ஆகவே 'வாரண்டி முடிஞ்சிட்டு' என்பது ரீகோல் கேட்டு வந்தவனுக்குச் சொல்லும் பதில் ஆகாது.

*பக்கத்து நாட்டில் என்ன நடக்கிறது?*

நமது றோட்டில் ஓடும் பைக்குகளில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வந்தவை. ஆகவே அங்கே நடந்ததைப் பார்ப்போம். இவை எல்லாம் கம்பனிகளே பகிரங்கமாக அறிவித்தவை.

2021 மே மாதம் றோயல் என்ஃபீல்ட் கம்பனி 236,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மீட்டியோர் 350, கிளாசிக் 350, புல்லட் 350. காரணம் இக்னிஷன் காயில். என்ஜின் சரியாக எரியாமல் தடுமாறும், சக்தி குறையும், அரிதாக ஷோர்ட் ஆகும் என்று கம்பனியே சொன்னது. 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் சாமான் மாற்ற வேண்டிவரும் என்றும் கணித்தது. இருந்தும் எல்லா வண்டிகளையும் கூப்பிட்டது. ஏனென்றால் எந்தப் பத்தில் ஒன்று என்று கழற்றிப் பார்க்காமல் தெரியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அறிவிப்பு இந்தியாவோடு நிற்கவில்லை. தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று இந்தியாவோடு ஏழு நாடுகளுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் வந்தது. கடல் தாண்டினால் ரீகோல் செய்ய முடியாது என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

2024இல் சுசுகி கம்பனி இந்தியாவில் 388,411 ஸ்கூட்டர்களை அழைத்தது. அக்சஸ் 125, எவெனிஸ், பர்க்மன். 2022 ஏப்ரல் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை செய்தவை. பிழை எங்கே? காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயரில். என்ஜின் அசைய அசைய அந்த வயர் வளைந்து வெடிப்பு விடுகிறது. வெடிப்பில் ஈரம் பட்டால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிகிறது. என்ஜின் நின்றுவிடும், அல்லது ஸ்டார்ட் ஆகாது.

அதே 2024இல், பெப்ரவரியில், யமஹா கம்பனி ரே இசட்ஆர் 125, ஃபசினோ 125 ஹைப்ரிட் ஸ்கூட்டர்களில் சுமார் 300,000 வண்டிகளை பிரேக் லீவரில் இருந்த பிழைக்காக அழைத்தது. 2022 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 4 வரை செய்தவை. மாற்றிக் கொடுப்பது இலவசம்.

வயர், காயில், லீவர். எல்லாம் கைக்குள் அடங்கும் சாமான்கள். 'சின்ன சாமான்தானே' என்று சொல்கிறவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறோம். 2014இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. சாவி போடும் சுவிச் ஓடும்போதே தானாக நழுவி 'ஓஃப்' பக்கம் போய்விடுகிறது. என்ஜின் நிற்கும், ஏயார்பேக்கும் விரியாது. கம்பனிக்குள் இருந்த பொறியியலாளர்களுக்கு இந்தச் சுவிச்சின் கதை பத்து வருடங்களுக்கு முன்பே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நட்டஈடு கொடுப்பதற்காக அமைத்த நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. சாவித் துளையின் சுவிச் ஒன்று, 124 ஜனாஸா.

இந்தியாவில் கம்பனிகள் எல்லாம் நல்ல மனதோடு மட்டும் இதைச் செய்யவில்லை. 2012இல் கம்பனிகள் தாமாக விரும்பிக் கடைப்பிடிக்கும் ஒரு ஒழுங்கு வந்தது. அது போதாது என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் உரிமையாளர்கள் ஒரே பிழையை முறையிட்டால் அரசாங்கமே கம்பனிக்கு 'திரும்பக் கூப்பிடு' என்று கட்டளையிடலாம். மறுத்தால் தண்டம். எண்ணுவதற்கு அங்கே ஒரு கொப்பி இருக்கிறது. முறைப்பாட்டை எழுதுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. எங்களிடம் இல்லாதது அதுதான்.

*எங்கள் மலையில் ஏன் இது உயிர்ப் பிரச்சினை?*

வெளியூர்க்காரர்கள் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்க எங்கள் பக்கம் வருகிறார்கள். நாங்கள் நாள்தோறும் தாண்டும் வளைவுகளை யாரும் படம் எடுப்பதில்லை. தட்டையான ஊரில் என்ஜின் நின்றால் வண்டியை ஓரம் கட்டலாம். இங்கே?

ஆசிரியர்களாக ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறோம். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது பிரேக் மட்டுமல்ல, என்ஜினும்தான். சின்ன கியரில் இறங்கும்போது என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடி இயல்பாகவே குறைவு. அதில் என்ஜின் நின்றுவிட்டால் உள்ள பிடியும் விட்டுப்போகும். பிரேக் வேலை செய்யும்தான். ஆனால் முழுப் பாரமும் அதன் மேல் விழுகிறது. தொடர்ந்து பிடித்தால் ட்ரம் சூடாகிப் பிடி தளரும். அதோடு லைட்டும் போய்விட்டால், எதிரே வரும் லொறிக்காரனுக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது.

கழுத்து வயரின் கணக்கும் அப்படித்தான். ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்த வயர்க் கட்டு வளைகிறது. நேரான றோட்டில் ஓடும் வண்டியும் பண்டாரவளைக்கும் ஹாலிஎலைக்கும் இடையில் ஓடும் வண்டியும் ஒரே கிலோமீற்றர் காட்டலாம். ஹேண்டில் திரும்பிய தடவைகள் ஒன்றல்ல. மழை, பனி, குழி விழுந்த தோட்டத்துப் பாதை எல்லாவற்றையும் சேருங்கள். வேறெங்கோ ஐந்து வருடத்தில் வெளிப்படும் பிழை எங்களிடம் இரண்டு வருடத்தில் வெளிப்படும். அதாவது, ஒரு மாடலின் பிழையை நாட்டில் முதலில் பார்க்கிறவர்கள் மலையில் இருக்கும் நாங்கள்தான். எங்கள் பேச்சைத்தான் யாரும் கேட்பதில்லை.

பைக் எங்களுக்கு ஆடம்பரப் பொருளும் இல்லை. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள்தான். லயத்திலிருந்து உம்மாவை, அம்மாவை கிளினிக்குக் கொண்டுபோவது அதில். மரக்கறி மூட்டை அதில். பால் கேன் அதில். கடைசி பஸ் போன பிறகு வீடு சேர்வது அதில். 2022இல் வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்கு கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றோமே, அதற்காகத்தானே நின்றோம்!

*'ஓனர்' யார்?*

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் பைக் தேவைப்பட்டவன் என்ன செய்தான்? ஏற்கனவே நாட்டில் இருந்த வண்டியைத்தான் இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக, புது வண்டியின் விலைக்கு மேல் கொடுத்து வாங்கினான். எங்கள் ஊரில் ஓடும் வண்டிகளில் பல அப்படி வந்தவை.

இப்போது யோசியுங்கள். நாளைக்கு ஒரு ரீகோல் வந்தால் ஏஜென்ட் யாருக்குக் கடிதம் போடுவார்? தன்னிடம் முதலில் வாங்கியவனுக்கு. அவன் குருநாகலில் இருக்கலாம், கட்டாருக்கும் போயிருக்கலாம். வண்டி தெமோதரையில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடும். முதல் ஓனரோடு முடிந்துபோகும் ரீகோல், ரீகோல் இல்லை. கணக்குக் காட்டுவதற்காகச் செய்த வேலை.

சட்டத்திலும் ஒரு ஓட்டை உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி அதிகார சபைக்கு முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நல்லது. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். மூன்று மாதம் அரிசிக்குச் சரி, செருப்புக்குச் சரி. இரண்டு வருடம் உரசித் தேயும் வயருக்கு? பிழை வெளியே தெரிவதற்கு முன்பே தவணை முடிந்துவிடுகிறது! பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே மீள்திருத்த விண்ணப்பத் திகதி முடிந்தால் பிள்ளைகளின் பெற்றோர் சும்மா இருப்பார்களா? இதில் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

*எங்கள் பக்கத்துப் பிழை*

ஏஜென்ட்மாரை மட்டும் திட்டிவிட்டு லைக் வாங்கிக்கொண்டு போவது இலேசு. எங்கள் முதுகில் உள்ள அழுக்கையும் பார்ப்போம்.

ஒன்று, 'ஓபன் பேப்பர்'. கையொப்பம் மட்டும் போட்ட படிவத்தோடு வண்டியை வாங்குகிறோம், அதே படிவத்தோடு விற்கிறோம். கை மாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். செலவை மிச்சம் பிடிக்க அதைத் தள்ளிப்போடுகிறோம். பிறகு 'எங்கட லிஸ்ட்ல உங்கட பேர் இல்ல' என்று ஏஜென்ட் சொன்னால் அதில் பாதிப் பழி யாருக்கு? எங்களுடைய ஆசிரியரின் வண்டிப் புத்தகத்திலும் பெயர் மாற்றப்படவில்லை. அதை மறைத்து இந்தப் பதிவை எழுத எங்களுக்கு உரிமை இல்லை.

இரண்டு, வயரிங்கில் கைவைப்பது. காது கிழியும் ஹோன், கண்ணைக் குத்தும் எல்ஈடி, ஃபியூஸ் போனால் அதற்குப் பதிலாகச் சிகரட் பெட்டித் தாள். ஃபியூஸ் என்பது வயரைக் காப்பாற்றுவதற்காகத் தன்னை எரித்துக்கொள்ளும் சாமான். அதன் இடத்தில் தாளை வைத்தால் அடுத்து எரிவது வயர், அதற்கு அடுத்தது வண்டி. உண்மையான தொழிற்சாலைப் பிழையைக்கூட 'நீங்கதான் கெடுத்தீங்க' என்று தட்டிக்கழிக்க ஏஜென்டுக்கு நாங்களே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம். எங்கள் ஆசிரியரின் வண்டியில் ஹோன் மாற்றியிருந்தது உண்மை. அந்த ஹோன் வயர் வேறு பக்கமாகப் போனதும், கழுத்தில் தேய்ந்தது கம்பனி வயர் என்பதும் உண்மை. ஆனால் முதல் உண்மை இருந்ததால் இரண்டாவது உண்மையை யாரும் காதில் போடவில்லை.

மூன்றாவது மிகவும் கசப்பானது. பிழை தெரிந்தும் சொல்லாமல் விற்பது. 'இடைக்கிடை நிக்கிது, தள்ளிவிடு மச்சான்' என்று விற்றுவிடுகிறோம். மேலே காய்ந்த தானியம், அடியில் நனைந்த தானியம் வைத்து விற்பது எங்கள் மார்க்கத்தில் என்ன பெயர் பெறும் என்று மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கும் தெரியும். டேப் சுற்றிய வயரைத் தாங்கிக்கு அடியில் மறைத்து விற்பது அதே வியாபாரம்தான். வாங்குகிறவன் இந்துவா, முஸ்லிமா, பௌத்தனா என்று அந்த வளைவு பார்ப்பதில்லை.

இன்னும் ஒன்று. விபத்து நடந்தால் 'கத்ர், என்ன செய்ய' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். கத்ரை நாங்கள் நம்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமும் இதுதான். கட்ட வேண்டிய கயிறு அறுந்திருக்கிறது என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அதை அல்லாஹ்வின் மேல் போடுவது தவக்குல் ஆகாது.

*'கம்பனிப் பேர் கெடும்' என்பவர்களுக்கு*

சிலர் சொல்கிறார்கள்: 'இப்படி எழுதினால் ஏஜென்டுக்கு வியாபாரம் போகும், அங்கே வேலை செய்கிற எங்கட பொடியன்மாருக்கும் நட்டம்.' மேலே சொன்ன மூன்று கம்பனிகளும் இலட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தன. ஒன்றும் மூடப்படவில்லை. இன்றைக்கும் விற்கின்றன. பிழையை ஒத்துக்கொண்டு திருத்திய கடைக்குத்தான் நாங்கள் அடுத்த வண்டிக்கும் போவோம். வகுப்பில் பலகையில் தப்பாக எழுதிய ஆசிரியர் 'மன்னிக்கவும் பிள்ளைகளே' என்று அழித்துத் திருத்தி எழுதினால் மரியாதை குறைகிறதா? தப்பை அப்படியே விட்டுவிட்டு, பரீட்சையில் பிழை விட்ட பிள்ளையை அடித்தால்தான் குறைகிறது.

கடையில் நிற்கும் தம்பிமாருடன் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு மேலிடத்தில் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறார்கள். எங்கள் கேள்வி மேலிடத்துக்கு.

*நாங்கள் கேட்பது*

ஏஜென்ட் கம்பனிகளிடம்:

1. நீங்கள் விற்கும் மாடலுக்கு உலகில் எங்கே ரீகோல் வந்தாலும், இலங்கைக்கு வந்த வண்டிகள் அதில் உண்டா இல்லையா என்று பகிரங்கமாகச் சொல்லுங்கள். 'இல்லை' என்றாலும் சொல்லுங்கள். அதுவும் எங்களுக்கு நிம்மதிதான்.

2. சொல்வதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்த வாரண்டிப் புத்தகத்தைத் தோட்டத்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு 'நாங்க சொல்லித்தானே தந்தோம்' என்று சொல்லாதீர்கள்.

3. வண்டி யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் செசி நம்பரைப் பார்த்து வேலை செய்யுங்கள். கொழும்பில் மட்டுமல்ல, பதுளையிலும் பண்டாரவளையிலும் செய்யுங்கள். இங்கிருந்து கொழும்புக்கு வண்டி ஏற்றுவது ஒரு நாள் சம்பளத்தில் முடிகிற காரியம் இல்லை.

4. முறைப்பாடு கொண்டுவந்தால் எழுதிக்கொள்ளுங்கள். திகதியும் இலக்கமும் போட்டு ஒரு பிரதியை எங்களுக்கும் தாருங்கள்.

5. சேர்விஸுக்கு வந்த வண்டியில் சத்தமில்லாமல் சாமானை மாற்றிவிட்டு அனுப்பாதீர்கள். ஏன் மாற்றினீர்கள் என்று பில்லில் எழுதுங்கள்.

அரசாங்கத்திடமும், ஊவாவிலிருந்து நாங்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களிடமும் ஒன்று கேட்கிறோம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தை எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறீர்கள். தண்டப்பணத்தைக் கூட்டுவதற்கும் திருத்தினீர்கள். ஹெல்மட் போடாவிட்டால் எங்களை நிறுத்தத் தெரிந்த சட்டத்துக்கு, ஆபத்தான சாமானோடு வண்டியை விற்றவரையும் நிறுத்தத் தெரிய வேண்டும். இந்தியாவின் 110ஏ போல எங்களுக்கும் ஒரு பிரிவு வேண்டும். பாதுகாப்புப் பிழைக்கு மூன்று மாதத் தவணை, பிழை தெரிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

*நாங்கள் செய்யப்போவது*

கேட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். ஆசிரியர்களுக்குத் தெரிந்த வேலை இடாப்பு வைப்பது. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கோடு அடித்துவிட்டோம். வண்டியின் மாடல், செய்த வருடம், ஓடிய கிலோமீற்றர், எந்தச் சாமான், எந்த இடத்தில், எந்தத் திகதி, வேறு சாமான் பூட்டியிருந்ததா இல்லையா. இவ்வளவுதான். உங்களைத் திட்டவோ கம்பனியைத் திட்டவோ அதில் இடம் இல்லை. தெமோதரை, உடுவர, ஹாலிஎல, எல்ல, பண்டாரவளைப் பக்கத்துக் கராஜ் பாஸ்மாரிடமும் பேசத் தொடங்கியிருக்கிறோம். மூன்று பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஒரே மாடலில் ஒரே பிழை பத்துத் தடவை பதிந்தால், படங்களோடு ஏஜென்டுக்கும் அதிகார சபைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவோம். பதில் வந்தாலும் இங்கே போடுவோம், வராவிட்டாலும் போடுவோம்.

உங்களிடம் கேட்பது:

— இந்தக் கிழமைக்குள் உங்கள் வண்டியின் செசி நம்பரை எழுதி வையுங்கள். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும். எழுத்தும் இலக்கமுமாகப் 17. வண்டிப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். அதை இங்கே பகிரங்கமாகப் போட வேண்டாம்.

— பெயர் மாற்றாத வண்டி என்றால் மாற்றுங்கள். காசு செலவாகும்தான். ஆனால் ரீகோல் கடிதம் வந்து சேரும் விலாசம் அதுதான்.

— இரவில் வெளிக்கிடும் முன் ஸ்டார்ட் செய்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். லைட் மினுங்கினாலோ என்ஜின் தடுமாறினாலோ பயணம் போகாதீர்கள். மழையில் மட்டும் என்ஜின் தடுமாறினால், இருட்டில் பாஸிடம் பிளக் வயரைக் காட்டுங்கள். வெடிப்பு இருந்தால் நீல நிறப் பொறி கண்ணுக்கே தெரியும். கையால் தொட வேண்டாம்.

— மாற்றிய பழைய சாமானைக் கராஜிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பில்லும் பழைய சாமானும் வீட்டில் இருக்கட்டும். நாளைக்கு உங்கள் சாட்சி அவைதான்.

— விற்கும்போது பிழையைச் சொல்லி விற்றுவிடுங்கள். விலை குறையும். பரவாயில்லை.

எங்கள் ஆசிரியர் இப்போது கையைத் தூக்கிப் பலகையில் எழுதுகிறார், இறைவனுக்கே புகழ். மகள் மட்டும் பைக்கில் ஏற மாட்டேன் என்கிறாள். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். அந்த வண்டியின் தேய்ந்த வயர்த் துண்டை வெட்டி எடுத்து, திகதி எழுதி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் பின் அடித்து வைத்திருக்கிறோம். முதலாம் இலக்கம் அது. அதே மாடலின் மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் இதை வாசித்தால் தயவுசெய்து எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். இரண்டாம் இலக்கத்துக்கும் மூன்றாம் இலக்கத்துக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.